முக்கொம்பில் புதைத்த சாண்ட்விச்

சேகர் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். கைலாசபுரம் விருந்தினர் விடுதிச் சமையலறையில் என்னோடு வேலை பார்த்தவர். இப்போது புத்தூரில் சொந்தமாக கேட்டரிங் நடத்துகிறார். கொள்ளிடக் கரைத் தோப்பு ஒன்றில் விருந்தாம். பந்தி வேண்டாம், மேஜை நாற்காலிகூட அதிகம் வேண்டாம், மரத்தடியில் நின்று பேசிக்கொண்டே சாப்பிடுகிற மாதிரி நாலைந்து தினுசு சாண்ட்விச் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

"அண்ணே, சித்திரை வெயிலு. என்னென்ன போடலாம், சொல்லுங்க" என்றார்.

"என்னென்ன போடக் கூடாதுன்னு முதல்ல சொல்றேன்" என்று ஆரம்பித்தேன். அவருக்குக் காபி ஆறிப் போனதுதான் மிச்சம். கிளம்பும்போது, "இதையெல்லாம் நீங்க எழுதித்தான் ஆகணும். நான் சொன்னா எங்க ஆளுங்க, இவரு ஏன் இப்படிப் பயப்படறாருங்கறாங்க" என்றார்.

பயம் என்று அதற்குப் பெயர் வைக்க எனக்கு மனமில்லை. என்ன பெயர் வைப்பது என்றும் தெரியவில்லை. ஐரீன் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன், படிக்கிறவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

எனக்கு ஊர் மண்ணச்சநல்லூர். அரிசி ஆலையில் நெல் அவிக்கிற வேலை பார்த்தேன். தவிட்டுத் தூசி நெஞ்சில் இறங்கி, இருமல் நிற்காமல் போகவே, "ஆலைப் பக்கமே போகாதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்த சமயம். திருச்சி கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கிளப்பில் என் மச்சான் தோட்டக்காரராக இருந்தார். அந்த கிளப் இப்போது இல்லை, அதன் பெயரும் இங்கே வேண்டாம். சமையலறைக்கு ஆள் தேவை என்று அவர்தான் என்னைக் கூட்டிப் போய் விட்டார். ஐம்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனால் மேஜை நிறைய ரொட்டி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு. ஒரு வீட்டுக்குள் ரொட்டி போவதைப் பார்த்தால், "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று விசாரித்துக்கொண்டு பக்கத்து வீட்டார் வந்துவிடுவார்கள். இங்கேயோ திடகாத்திரமான அதிகாரிகளுக்கு, அதுவும் விருந்தில், அதைப் போடப் போகிறார்கள்.

"எதுக்குச் சிரிக்கிறீங்க, மிஸ்டர் தங்கவேல்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

அவர்தான் ஐரீன் அம்மா, கிளப் சமையலறைக்குப் பொறுப்பாளர். ஆங்கிலோ இந்தியர். கணவர் ரயில்வேயில் கார்டாக இருந்தவர். அவர் மஞ்சள் காமாலையில் இறந்த பிறகு, பொன்மலை குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பள்ளிக்கூடம் படிக்கிற மகளோடு புத்தூரில் ஒரு போர்ஷனில் குடியிருந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவர். திருச்சித் தமிழை எங்களைப் போலவே பேசுவார். மச்சான் சொல்லி என் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு முன்னால் 'மிஸ்டர்' போட்டு யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. பாத்திரம் கழுவுகிற சின்னையனும் அவருக்கு மிஸ்டர் சின்னையன்தான்.

சிரித்த காரணத்தைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"காய்ச்சல்காரங்களுக்கு ஏன் ரொட்டி குடுக்குறாங்க? வயித்தைத் தொந்தரவு பண்ணாதுன்னுதானே? விருந்துக்கு வர்றவங்க வயிறு மட்டும் என்ன, இரும்பா?" என்றார். பிறகு ஒரு ஏப்ரனை எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து வேலை.

கற்றுக்கொண்ட வருஷங்களை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வெங்காயம் உரித்தேன், முட்டை அவித்தேன், தட்டு துடைத்தேன், பிறகு ஒருநாள் கத்தி கைக்கு வந்தது. ஆனால் தோட்ட விருந்துகளுக்கு அவர் சாண்ட்விச் செய்கிற முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

அன்றைக்குச் சுட்ட ரொட்டியை அவர் தொடவே மாட்டார். புது ரொட்டி கத்திக்குக் கீழே நசுங்கும். முதல் நாள் ரொட்டிதான் மெல்லிசாக, ஒரே கனமாக வரும். வெண்ணெயை முன்னதாகவே வெளியே எடுத்துவைத்து இளக விடுவார். அதை ரொட்டியின் ஓரம் வரை தடவ வேண்டும். நடுவில் மட்டும் தடவினால், "நீங்க தடவாத இடத்துலதான் தண்ணி இறங்கும்" என்பார். வெண்ணெய் அவருக்கு ருசிக்கான சரக்கு என்பதைவிடக் கூரைக்குப் பூசுகிற காரை மாதிரி. உள்ளே இருக்கிற ஈரம் ரொட்டிக்குள் போகாமல் அது தடுக்கிறது.

வெள்ளரிக்காயைச் சீவி, உப்புப் போட்டுப் பிசறி, ஒரு துணியில் கட்டி, தண்ணீர் வடியும்படி தொங்க விடுவார். தக்காளியைத் தோட்ட விருந்துக்குச் சேர்ப்பதே இல்லை. புதினா என்றால் சட்னியாகத் தளர அரைக்காமல், தேங்காயும் பச்சை மிளகாயும் வைத்துக் கெட்டித் துவையலாக அரைக்கச் சொல்வார். அவித்த முட்டையோடு மிளகுத்தூள். கொத்துக்கறியை ஈரம் சுண்ட வதக்கி, ஆற வைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்தது. உருளைக்கிழங்கை மசித்து, மல்லித்தழை போட்டது. இனிப்புக்கு, நெய்யில் புரட்டிய வாழைப்பழத்தில் சர்க்கரையும் ஏலக்காயும். இவ்வளவுதான் அவருடைய தோட்ட வரிசை. நறுக்கிய ஓரங்களை வீணாக்காமல் பால் ஊற்றி புட்டிங் செய்து எங்களுக்குக் கொடுப்பார்.

திருச்சிக் காற்று ரொட்டியை நிமிஷத்தில் உலர்த்தி, மூலையை அப்பளம் மாதிரி தூக்கிவிடும். அதற்கு வழி, மெல்லிய வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து மூடி, அதற்கு மேலே வாழையிலையைக் கவிழ்த்துப் போடுவது. துணி ரொட்டியில் ஒட்டக் கூடாது என்று இடையில் ஒரு தாள். வரிசைக்கு வரிசை இப்படி.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு பரீட்சை வைப்பார். முதல் தடவை நான் செய்த முட்டை சாண்ட்விச்சை என் வலது கையில் கொடுத்தார். இடது கையில் டீ நிறைந்த ஒரு கப். "வாங்க, தோட்டத்துல நடப்போம். உங்க ஊரைப் பத்திச் சொல்லுங்க" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புல்தரையில் நடந்துகொண்டே ஆலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு கடி கடித்ததும் முட்டை பின்பக்கமாகப் பிதுங்கிச் சட்டையில் விழுந்தது. அதைத் துடைக்கப் போய் டீயும் சிந்தியது.

"பாருங்க, மிஸ்டர் தங்கவேல். இங்க வர்றவங்க சாப்பிட மட்டும் வரலை, நாலு பேரோட பேச வர்றாங்க. கையில ஒழுகாம, கடிச்சா இழுபடாம, பேச்சு நிக்காம சாப்பிட முடியணும். முடியலைன்னா அது தோட்டத்துக்கு லாயக்கில்ல" என்றார். சத்தம் போடாமல், ஏதோ பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. தப்பாக நறுக்கிய துண்டு ஒன்றைப் பார்த்தால் அதை எடுத்துத் தனியாக வைத்துவிட்டுப் போய்விடுவார். என்ன தப்பு என்று நாமே பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

கிளப்பின் உறுப்பினர்களில் ஸ்ரீரங்கத்து வக்கீல் ஒருவர் இருந்தார். அவர் மனைவி வேதவல்லி மாமி. வெளியில் சமைத்த எதையும் மாமி சாப்பிட மாட்டார். விருந்துகளுக்குக் கணவருக்காக வருவார், ஒரு பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார். எல்லோரும் தின்றுகொண்டு பேசும்போது சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ஐரீன் அம்மாவுக்குத் தோன்றியது.

ஒருநாள் மாமியிடம் போய், "மேடம், உங்களுக்கு எது ஒத்துக்கும்னு சொன்னா செய்றேன். ஒத்துக்காததைச் சொன்னாலும் போதும்" என்றார்.

மாமி சங்கடப்பட்டார். "எனக்காக ஒண்ணும் சிரமப்பட வேண்டாம். அடுப்புல ஏறின எதுவும் எடுத்துக்கறதில்லை. ரொட்டியும் அப்படித்தானே? பழம் போறும்."

"அடுப்புல ஏறாதது சரியா?"

"காய், பழம், வெண்ணெய் இதெல்லாம் பாதகமில்லை."

அடுத்த விருந்துக்கு ஐரீன் அம்மா புதுப் பலகையும் புதுக் கத்தியும் வாங்கி வந்தார். மாமி பார்க்கும்படியாகத் தோட்டத்திலேயே ஒரு சின்ன மேஜை போட்டு, கையைக் கழுவிக்கொண்டு, வெள்ளரிக்காயைக் கனமான வட்டங்களாக நறுக்கினார். இரண்டு வட்டங்களுக்கு நடுவே வெண்ணெய், உப்பு, மிளகுப் பொடி. ரொட்டியில்லாத சாண்ட்விச். மாமி ஒன்றை எடுத்துக் கடித்தார், பிறகு இன்னொன்று. அன்றைக்குத்தான் அவர் மற்ற பெண்களோடு எழுந்து நின்று பேசியதைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ரொட்டி சாப்பிடுகிறவர்களும் அந்த மேஜையைச் சுற்றி நின்றார்கள்.

இனி முக்கொம்பு விஷயம். அறுபதுகளின் தொடக்கம், பங்குனிக் கடைசி. கிளப் தலைவர் வடக்கே மாற்றலாகிப் போகிறார். அவருக்கு வழியனுப்பு விருந்தை காவிரிக் கரையில் முக்கொம்பு மரத்தடியில், சாயங்கால டீயாக வைக்கலாம் என்று முடிவாயிற்று. ஏற்பாடு முழுவதும் கிளப் செக்ரட்டரியுடையது. அவர் கெட்ட மனுஷர் இல்லை. காரியங்கள் பளபளப்பாக நடக்க வேண்டும் என்று ஓடியாடுகிறவர். தலைவருக்கு ரொம்பப் பிடித்தது கோழி சாண்ட்விச். வேகவைத்த கோழியைப் பிய்த்து, மயனேஸில் பிசைந்து வைப்பது. மயனேஸ் என்பது பச்சை முட்டையின் மஞ்சள் கருவில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கடைந்தெடுப்பது. அப்போதெல்லாம் நாங்களே கடைவோம்.

"இந்த வெயில்ல, வெளியில, மயனேஸ் வேண்டாம் சார். கோழியை மிளகு போட்டு வறுத்து வெச்சுத் தரேன்" என்றார் ஐரீன் அம்மா.

"அவருக்குப் பிடிச்சது அதுதான், மிஸஸ் ஐரீன். போகிற மனுஷர், கேட்டு வாங்கிச் சாப்பிடறது வேற என்ன இருக்கு?"

"அப்போ ஐஸ் பெட்டி முழுக்க எனக்கு வேணும்."

"எடுத்துக்குங்க."

ஐஸ் பெட்டி என்றால் உள்ளே தகரம் அடித்து, மரத்தூளுக்கு நடுவே ஐஸ் கட்டி வைக்கிற பெரிய மரப்பெட்டி. விருந்தன்று காலையில் கோழியை வேகவைத்து, ஆற வைத்து, கடைந்து, தடவி, தட்டுகளில் அடுக்கி முடித்தோம். வேனில் ஏற்றப் போனால் ஐஸ் பெட்டி நிறைய சோடா, கலர் பாட்டில்கள்.

"என் தட்டுங்களுக்கு இடம் இல்லையே, சார்" என்றார் ஐரீன் அம்மா.

"பாட்டிலை வெதுவெதுன்னு குடுக்க முடியுமா? முக்கொம்பு என்ன, மெட்ராஸா? கொஞ்ச தூரம்தானே. ஈரத்துணி போட்டு மூடிக்குங்க" என்று சொல்லிவிட்டு செக்ரட்டரி காரில் ஏறிக்கொண்டார்.

ஐரீன் அம்மா தட்டுகளை வேனில் நிழல் விழுகிற பக்கமாக வைத்து, தானும் தரையில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். வெள்ளரியை முக்கொம்பிலேயே புதிதாக வாங்கி, அதையும் கொண்டுவந்த கொத்துக்கறியையும் இடத்துக்குப் போய் அடைக்கலாம் என்று முழு ரொட்டிகளாகவே ஒரு கூடையில் எடுத்து வந்திருந்தார். "எங்கயும் நிக்காமப் போங்க" என்று டிரைவரிடம் சொன்னார்.

ஜீயபுரம் தாண்டவில்லை. வேனின் முன்பக்கத்திலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பியது. தண்ணீர் போகிற ரப்பர் குழாய் வெடித்துவிட்டது. புதுக் குழாய் வாங்க டிரைவர் எதிரில் வந்த லாரியில் ஏறித் திருச்சிக்குப் போனார். நாங்கள் தட்டுகளை இறக்கிப் புளியமரத்தடியில் வைத்தோம். பக்கத்துக் கிணற்றிலிருந்து நான் தண்ணீர் கொண்டுவர, ஐரீன் அம்மா துணியை நனைப்பதும் பிழிவதும் மூடுவதுமாக இருந்தார். காற்று அடுப்பு வாயிலிருந்து வருகிற மாதிரி அடித்தது. நனைத்த துணி பேசிக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. கொத்துக்கறிப் பாத்திரத்தைத் திறந்து முகர்ந்து பார்த்தார், அதன் மூடியை மறுபடி போட்டபோதே அது இனி இல்லை என்று தெரிந்துவிட்டது.

பிறகு கோழித் தட்டு ஒன்றின் துணியை விலக்கி, இரண்டு சாண்ட்விச்சுகளுக்கு நடுவே விரலை விட்டுப் பார்த்தார். நானும் பார்த்தேன். மேலே துணி சில்லென்றுதான் இருந்தது. உள்ளே, குழந்தையின் நெற்றி மாதிரி வெதுவெதுப்பு.

டிரைவர் வந்து, குழாயை மாட்டி, வேன் கிளம்புகிற வரையில் அவர் துணியை மறுபடி நனைக்கவில்லை.

முக்கொம்பில் செக்ரட்டரி தவித்துக்கொண்டு நின்றார். விருந்தாளிகள் வருகிற நேரம். ஒரே ஒருவர்தான் முன்னதாக வந்து ஆற்றில் குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு நின்றார். வக்கீலின் விருந்தாளி, திருச்சியில் வரப்போகிற பெரிய தொழிற்சாலைக்கு வேலையாக வந்திருந்த ஒரு இன்ஜினீயர்.

"சார், கோழியை வைக்க முடியாது" என்றார் ஐரீன் அம்மா.

"ஏன், கெட்டுப் போச்சா?" செக்ரட்டரி தட்டுத் துணியைத் தூக்கி முகர்ந்தார். "நல்லாத்தானே இருக்கு வாசனை."

"கெட்டது எல்லாம் வாசனையில தெரியாது, சார்."

"நானே சாப்பிட்டுக் காட்டறேன்" என்று ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டு போனார். ஐரீன் அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். கிளப்பில் வேலை செய்கிற ஒருவர் செக்ரட்டரியின் கையைப் பிடித்து நிறுத்துவதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

செக்ரட்டரி கையை உதறிக்கொண்டார். சாண்ட்விச் கீழே விழுந்தது. "என்ன நெனச்சுக்கிட்டு இருக்கீங்க? தலைவருக்கு என்ன வைப்பீங்க, வெறும் ரொட்டியா?"

"வெறும் ரொட்டி சாப்பிட்டா நாளைக்கு நல்லபடியா ரயில் ஏறிடுவார், சார். இதைச் சாப்பிட்டா ஏறுவாரான்னு எனக்குத் தெரியாது."

"இதை வைக்கலைன்னா நீங்க இனிமே கிளப்புக்கு வர வேண்டியதில்லை."

ஐரீன் அம்மா கீழே விழுந்த சாண்ட்விச்சைக் குனிந்து எடுத்துத் தட்டில் போட்டார். அந்த வேலை போனால் புத்தூர் வாடகை, மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

"மிஸ்டர் தங்கவேல், ஒரு மண்வெட்டி கிடைக்குமா பாருங்க" என்றார்.

பக்கத்து வாழைத்தோட்டத்தில் வாங்கி வந்தேன். மணலில் குழி வெட்டினேன். "இன்னும் ஆழமா. நாய் தோண்டக் கூடாது" என்றார். தட்டுகளை நான் தூக்கப் போனபோது தடுத்தார். "வேண்டாம். நாளைக்கு யாராவது கேட்டா, உங்க கை பட்டதுன்னு இருக்கக் கூடாது. நான்தான் கொட்டணும்." ஒவ்வொரு தட்டாகக் கொண்டு வந்து கவிழ்த்தார். காலையிலிருந்து கடைந்து, தடவி, ஓரம் நறுக்கி அடுக்கியது. கொத்துக்கறியும் அதே குழிக்குப் போயிற்று. மணலை மூடினேன். அவர் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு, "சரி, வேலையைப் பார்ப்போம்" என்றார்.

எங்களிடம் இருந்தது முழு ரொட்டிகள், மண்சட்டியில் ஈரத்துணி சுற்றிய வெண்ணெய், உப்பு, மிளகு, எலுமிச்சம்பழம், சர்க்கரை. ஆற்று மணலில் வெள்ளரி போட்டிருந்தார்கள். மடி நிறைய வாங்கி வந்தேன். வாழைத்தோட்டத்துக் குடும்பம் ஒரு சீப்புப் பழத்தோடு, தோசைக்கல்லும் அம்மியும் கொடுத்து உதவியது. அந்த வீட்டு அம்மாவே தேங்காயும் பொட்டுக்கடலையும் மிளகாயும் வைத்துக் கெட்டியாகத் துவையல் அரைத்துக் கொடுத்தார். நான் மூன்று கல் கூட்டி, தென்னை மட்டை வைத்து அடுப்பு மூட்டினேன்.

கார்கள் வரத் தொடங்கின. வக்கீலும் வேதவல்லி மாமியும் இறங்கினார்கள். மாமி நேராக எங்களிடம் வந்தார்.

"என்ன ஐரீன், இங்கே வந்து அடுப்பு மூட்டிண்டிருக்கேள்?"

"கொண்டு வந்ததை வைக்க முடியலை மேடம். வெயில்ல நின்னுட்டுது. கொட்டிட்டேன்."

மாமி செக்ரட்டரியின் முகத்தைப் பார்த்தார், குழி மூடிய இடத்தைப் பார்த்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்.

"அந்தக் கத்தியை இங்கே குடுங்கோ. வெள்ளரிக்காயை நான் நறுக்கறேன்."

"வேதா, நீ எதுக்கு?" என்று வக்கீல் இழுத்தார்.

"ஏன், எங்காத்துல நான்தானே நறுக்கறேன்? இங்கே நறுக்கினா கத்தி வெட்டாதா?"

மாமி உட்கார்ந்ததும் இன்னும் இரண்டு பெண்கள் உட்கார்ந்தார்கள். ஒருவர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினார். ஐரீன் அம்மா துவையலைத் தடவி மூடித் தர, நான் தோசைக்கல்லில் வைத்து அழுத்தி, இரண்டு பக்கமும் சிவக்க எடுத்து, வாழையிலைத் துண்டில் வைத்து நீட்டினேன். வாழைப்பழத்தை வெண்ணெயில் புரட்டிச் சர்க்கரை தூவி இன்னொரு தினுசு. அதுவரை சாண்ட்விச் என்றால் ஆறியது, தட்டில் அடுக்கியது என்றுதான் அவர்கள் பார்த்திருந்தார்கள். சுடச்சுட, மட்டைப் புகை வாசனையோடு, கல்லிலிருந்து நேரே கைக்கு வந்ததும் அதிகாரிகள் எல்லாம் அடுப்பைச் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர் மாதிரி, "எனக்கு அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும்" என்று தலைவர் என்னிடம் கேட்டு வாங்கினார். கோழி எங்கே என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இருட்டுவதற்குள் ரொட்டி தீர்ந்துவிட்டது.

விருந்து நன்றாக நடந்தது என்பதால் செக்ரட்டரியின் கோபம் ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை. கமிட்டி கூடிற்று. நல்ல சாப்பாட்டை மண்ணில் கொட்டினார், செக்ரட்டரியின் கையைப் பிடித்தார் என்று இரண்டு குற்றம். வக்கீல் ஐரீன் அம்மாவுக்காகப் பேசினாராம். "கெட்டுப் போனதுக்கு என்ன அத்தாட்சி?" என்று கமிட்டி கேட்டதற்கு வக்கீலிடம் அத்தாட்சி இல்லை. எப்படி இருக்கும்? யாராவது சாப்பிட்டுப் படுத்திருந்தால் அத்தாட்சி. யாரும் படுக்காமல் பார்த்துக்கொண்டவருக்கு எந்தச் சாட்சி வந்து பேசும்? இந்தத் தொழிலில் சரியாகச் செய்த காரியத்தை நிரூபிக்கவே முடியாது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஐரீன் அம்மா தன் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் மிஸ்டர் போட்டு விடைபெற்றுக்கொண்டு போனார். நானும் வந்துவிடுகிறேன் என்றேன். "குழந்தை இருக்கு உங்களுக்கு. அவசரப்படாதீங்க. எனக்கு வேலை கிடைச்சதும் நானே கூப்பிடறேன்" என்றார்.

அதன்பிறகு புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு எதிரே, நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு தெருவோரத்தில் ரொட்டி வாட்டி விற்றார். வெண்ணெய் தடவியது, சர்க்கரை தூவியது, பால் கேட்டால் பால். நான் வேலை முடிந்து அந்தப் பக்கம் போகும்போது பார்ப்பேன். ஸ்டூல் பலகைமேல் வெள்ளைத் துணி விரித்து, அதே ஏப்ரன் கட்டி, கிளப் தோட்டத்தில் நின்ற மாதிரியேதான் நிற்பார். புகார் என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. வேதவல்லி மாமி ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி அவரைப் பார்க்க வந்து போவார் என்று மகள் சொன்னாள்.

கைலாசபுரத்தில் தொழிற்சாலைக் கட்டடங்கள் எழும்பத் தொடங்கிய சமயம் ஐரீன் அம்மா ஒருநாள் கிளப் வாசலில் வந்து நின்றார். "மிஸ்டர் தங்கவேல், என்னோட வர முடியுமா? ஒருத்தர் பார்க்கணும்னு ஆள் அனுப்பியிருக்கார். நீங்களும் வந்தா நல்லாருக்கும்."

போனோம். தகரக் கூரை போட்ட ஆபீஸ். மேஜைக்குப் பின்னால் இருந்தவர், அன்றைக்கு முக்கொம்பில் தலை துவட்டிக்கொண்டு நின்ற அதே இன்ஜினீயர். விருந்தினர் விடுதிக்கும் கேன்டீனுக்கும் பொறுப்பாக ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். அனுபவம், படிப்பு என்று எதையும் கேட்கவில்லை.

"அன்னைக்கு நான் பக்கத்துலதான் நின்னேன். நீங்க பேசினதெல்லாம் கேட்டுது. ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்தக் கோழி நிஜமாவே கெட்டுப் போயிருந்துதா?"

ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் அம்மா, வேலை கிடைத்துவிடும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"தெரியாது, சார்" என்றார் ஐரீன் அம்மா.

"தெரியாமலா அவ்வளவையும் கொட்டினீங்க?"

"தெரியாததனாலதான் கொட்டினேன், சார்."

இன்ஜினீயர் எழுந்து ஜன்னல் பக்கம் போய், வெளியே வெயிலில் செங்கல் சுமந்துகொண்டிருந்த ஆட்களைக் காட்டினார்.

"இங்க நாளைக்கு ஆயிரக்கணக்கான பேர் தினமும் சாப்பிடப் போறாங்க. எல்லாருக்கும் வீட்டுல குழந்தை குட்டி இருக்கும். சமையலறை எந்தப் பக்கம் இருக்கணும், தண்ணி எங்கேருந்து வரணும், ஐஸ் எவ்வளவு வேணும், நீங்க சொல்லுங்க. சொன்னபடி கட்டித் தரேன். எப்பலேருந்து வரீங்க?"

ஐரீன் அம்மா என் பக்கம் திரும்பினார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"நீங்க சொல்லுங்க, மிஸ்டர் தங்கவேல். நம்ம எப்பலேருந்து வரலாம்?"